பாதை மாறும்போது சொல்வது

வெண்டெல் பொக்னாருக்கு நெருங்கிய சிநேகிதன் யார் என்று ஹங்கேரியில் எங்கள் ஊர் ஷார்வாரில் யாரைக் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். காஷ்பார், செங்கல் சூளை காஷ்பார். பதினேழு வருஷமாக ஒரே அணியில் ஆடுகிறோம். அவன் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம் சிநேகிதம் இல்லை. பொறாமைப்படுகிறவன் ஒரு மனிதனைக் கவனிக்கிற அளவுக்கு அவனுடைய பெண்டாட்டிகூடக் கவனிக்க மாட்டாள்.

காலையில் அவன் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நாலே முக்கால். பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு அவன்தான் பொறுப்பு. ஐந்தரைக்கு அவன் சூடேற்றினால்தான் எட்டு மணிக்குப் பிள்ளைகள் கோட்டைக் கழற்றி மாட்ட முடியும். ராபா ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவன். இருபத்திரண்டு வயதில் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தான். ரொட்டிக் கடையில் வேலை பார்த்த பிரோஷ்காவைக் கட்டிக்கொண்டான். இரண்டு பெண்கள். மூத்தவள் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளிடமிருந்து போன் வரும். என் மகன் வியன்னாவில் இருக்கிறான். அவனிடமிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், அதுவும் அவன் பெண்டாட்டியின் கையெழுத்தில்.

இதெல்லாம் எனக்குக் கண்ணை உறுத்தும். இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் போனது, பந்தை உருட்டி ஒன்பது கட்டையை வீழ்த்துகிற எங்கள் கட்டையாட்டத்துக்கு அவன் வந்ததுதான்.

அவன் ஆட வரவே இல்லை என்பதுதான் கொடுமை. ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்தான். ஒரு ஜனவரி மாதம், எங்கள் ஆட்டக் கூடத்தில் வாயைத் திறந்தால் ஆவி பறக்கிற குளிர். எங்கள் அணித் தலைவர் பாலின்ட் அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். குழாயை முடுக்கிவிட்டு, அது சூடாகும்வரை கரி படிந்த கையோடு ஓரமாக நின்று நான் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினெட்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தேன். மாகாணத்திலேயே அழகான எறி என்னுடையது என்று எதிரணிக்காரனே சொல்வான். நாலு எட்டு வைத்து, ஒரு வளைவு, பந்து தரையில் படுகிற சத்தமே கேட்காது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று அவன் கேட்டிருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை.

"அண்ணே, ஒன்னே ஒன்னு போட்டுப் பாக்கட்டுமா?" என்றான்.

"போடு, போடு. கால்ல போட்டுக்காதே," என்றேன்.

நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தவிட்டு மூட்டையை இறக்குகிறவன் மாதிரி பந்தை இறக்கினான். அது கோணல்மாணலாகப் போய் ஒன்பது கட்டையையும் படுக்கப் போட்டது.

"எல்லாமே விழுந்துருச்சா?" என்று அவன் என்னைக் கேட்டான்.

"காஷ்பாரோட மூஞ்சியையும் சேத்தா பத்து," என்றார் பாலின்ட்.

அடுத்த வாரமே அவனுக்கு அணியின் சட்டை கொடுத்துவிட்டார்கள். அதை நான் வாங்க மூன்று வருஷம் ஆனது.

ஆட்டத்தில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதி நிறை. ஒவ்வொரு எறிக்கும் ஒன்பது கட்டையும் புதிதாக எழுந்து நிற்கும். அடுத்த பாதி துடைப்பு. விழுந்தது விழுந்ததுதான், மிச்சம் நிற்பதைத் தேடித் தேடி அடிக்க வேண்டும், கடைசிக் கட்டை சாய்ந்த பிறகுதான் புதிய ஒன்பது. நிறையில் என்னை யாரும் அசைக்க முடியாது. துடைப்பில் என் கழுத்து வியர்த்துவிடும். மூலையில் ஒற்றையாக ஒரு கட்டை நின்றால் அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருக்கும். வெண்டெலுக்கு அந்த ஒற்றைக் கட்டைதான் உயிர். கொதிகலன் குழாயில் அடைப்பு எடுக்கிறவனுக்கு அந்தப் பொறுமை தன்னால் வந்துவிடும் போல. நாக்கை நீட்டுவான், மூட்டையை இறக்குவான், கட்டை விழும்.

"பாக்க சகிக்கல," என்று வீட்டில் ஒரு நாள் புலம்பினேன்.

"உன்னை யாரு பாக்கச் சொன்னா? கட்டையைப் பாரு. விழுதா இல்லையா?" என்றாள் என் மனைவி இல்டிகோ. அவள் அவனுடைய நகைச்சுவைக்கெல்லாம் சிரிப்பாள். என் நகைச்சுவையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அப்புறம்?" என்பாள்.

எங்கள் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது பழைய சூளையின் கிடங்கு. பந்து உருட்ட நாலு பாதை. அடியில் களிமண். மழை பெய்தால் தரை ஊறி ஒரு பாதை இடப்பக்கம் சாயும். வெயில் நாலு நாள் அடித்தால் அதே பாதை வலப்பக்கம் சாயும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாதை மாறும்போது, ஆடிவிட்டு வருகிறவன் ஆடப் போகிறவனிடம் பாதையின் எண்ணையும் அதன் போக்கையும் ஒரு வரியில் சொல்வான். "ரெண்டு மந்தம், வேகமாப் போடு." "நாலு இடது இழுக்குது." அவ்வளவுதான். கேட்டவன் தன் முதல் பந்தையே அதன்படி வைப்பான். குடும்பத்தில் சண்டை, சூளையில் சண்டை, அரசியலில் சண்டை என்று எது இருந்தாலும் அந்த ஒரு வரியில் யாரும் விளையாடியதில்லை. வெளியூர்க்காரனிடம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் தன் பாட்டைத் தானே படட்டும்.

வெண்டெல் சொல்கிற வரி தனி. மற்றவர்கள் இடது, வலது என்று நிறுத்துவார்கள். அவன் எத்தனை விரற்கடை என்று சொல்வான். பதினேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறியதில்லை. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கு ஐம்பது வயதான வருஷம் அந்தப் போட்டி வந்தது. இருபது வயதிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை. நாட்டுக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை போட்ட நாட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு தடவை உலகப் போட்டியில் நிற்க வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம், நின்றால் போதும். முப்பது வருஷத்தில் இரண்டு தடவை பக்கத்தில் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். அந்த வருஷம் நாட்டு அணியில் எல்லா இடமும் நிரம்பி, ஆண்கள் கூட்டுப் போட்டிக்கு ஒரே ஓர் இடம் பாக்கி இருந்தது. முதல் நாள் நீள ஆட்டம், நூற்றிருபது எறி. மறுநாள் குட்டை ஆட்டம், இருபது எறி. இரண்டிலும் விழுந்த கட்டைகளைக் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவன் போவான். நீளத்துக்கு மூச்சு வேண்டும், குட்டைக்கு நெஞ்சழுத்தம் வேண்டும். இரண்டும் உள்ளவனைத்தான் எங்கள் ஆட்கள் முழு ஆட்டக்காரன் என்பார்கள்.

தேர்வு புடாபெஸ்டில். எட்டுப் பாதை உள்ள பெரிய கூடம். பதினாறு பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் மாலையில் பட்டியலைத் தொங்கவிட்டபோது பாலின்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட பாவிகளா, ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க!"

முதலில் நான், அறுநூற்று இருபத்தெட்டு. அடுத்து வெண்டெல், அறுநூற்று இருபத்தைந்து. மூன்றாவது ஆள் இருபது கட்டை பின்னால் இருந்தான். அவனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெண்டெல் என் தோளில் கையைப் போட்டான். "யாரு போனாலும் நம்ம ஊருதான்டா போகுது," என்றான்.

அவன் மனசார அதைச் சொன்னான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு நம்ம ஊர் போக வேண்டாம். நான் போக வேண்டும். இவனுக்கு எல்லாம் தானாக வந்தது. சட்டை வந்தது, மகளின் போன் வருகிறது, என் பெண்டாட்டியின் சிரிப்புகூட இவனுக்குத்தான் வருகிறது. ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்தவன். இதையாவது எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாதா?

மறுநாள் குட்டை ஆட்டத்தில் ஏழாவது பாதையும் எட்டாவது பாதையும் எங்களுக்குக் கிடைத்தன. முதல் நாள் நாங்கள் இருவருமே அந்தப் பாதைகளில் ஆடவில்லை. முதல் பத்து எறி எனக்கு எட்டில், அவனுக்கு ஏழில். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். எட்டாவது பாதை இடப்பக்கம் நன்றாகவே இழுத்தது. இரண்டாவது எறியிலேயே அதைப் பிடித்துவிட்டேன். பந்தை வலது ஓரத்தில் வைத்து, ஐம்பத்தாறு கட்டை எடுத்தேன். அவனுக்கு ஏழில் ஐம்பத்தைந்து. நேற்றைய மூன்றும் இன்றைய ஒன்றுமாக நாலு கட்டை நான் முன்னால் இருந்தேன். இன்னும் பத்தே எறி.

பாதை மாறும் இடத்தில் எதிரெதிரே வந்தோம். வேர்வை அவன் மூக்கு நுனியில் நின்றது. நான் முந்திக்கொண்டேன்.

"எட்டு நேராப் போகுது. நடுவுல வை," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். யோசித்துத்தான் சொன்னேன். ஆறாவது எறியிலிருந்தே அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. ஏழு வலது இழுக்குது. நாலு விரக்கடை இடது தள்ளி வை," என்றான் அவன். சொல்லிவிட்டு எட்டாவது பாதைக்குப் போனான்.

நான் ஏழில் ஏறிப் பந்தைக் கையில் எடுத்தேன். என்ன சொன்னான்? வலது இழுக்கிறதாமே. பொய் சொன்ன ஈரம் என் நாக்கில் இன்னும் காயவில்லை. அந்த நேரத்தில் எதிரே நிற்கிறவன் உண்மை சொல்வான் என்று எப்படி நம்புவது? நாலு கட்டை பின்னால் இருக்கிறான். அவனுக்கும் அந்தச் சட்டை வேண்டும். நான் செய்ததையே அவனும் செய்திருக்க மாட்டானா? நடுவில் வைத்தேன். பந்து வலப்பக்கம் ஓடி மூன்று கட்டையோடு போனது. கை பிசகிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி நடுவில். நாலு. மூன்றாவதாக, கடவுள் சாட்சியாக, அவன் சொன்னதற்கு நேர் எதிராக வலது ஓரத்தில் வைத்தேன். இரண்டு.

பக்கத்துப் பாதையில் அவன் என் வரியை நம்பி முதல் பந்தை நடுவில் வைத்திருந்தான். அது இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மூன்றே கட்டையைத் தள்ளியது. அவன் திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் முறைத்திருப்பேன். வழி தப்பி வந்தவன் பெயர்ப் பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு பந்தைத் துடைத்து வலது ஓரத்தில் வைத்தான். எட்டு. ஏழு. ஒன்பது. ஏழு. துடைப்பில் சொல்லவே வேண்டாம்.

பத்து எறியில் அவனுக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு நாற்பத்திரண்டு. ஆறு கட்டை வித்தியாசத்தில் அவன் போனான். அவன் சொன்ன ஒரு வரியை நம்பியிருந்தால் நான் போயிருப்பேன்.

உடை மாற்றும் அறையில் பாலின்ட் அவனைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கூர்மை. எதையும் விட மாட்டார்.

"எல்லாம் சரிடா. எட்டுல அந்த முதல் பந்து ஏன் அப்படிப் போச்சு? காஷ்பார் சொல்லலையா?"

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்த கயிற்றையே மறுபடி அவிழ்த்தேன்.

"சொன்னானே. நான்தான் கையைத் திருப்பிட்டேன்," என்றான் வெண்டெல்.

அந்த இடத்தில் அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அன்று அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சட்டையையும் எடுத்துக்கொண்டு, நல்லவன் என்கிற பெயரையும் எடுத்துக்கொண்டு, எனக்கு மிச்சம் வைத்தது என்ன?

அதோடு விட்டானா? உலகப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கலாம். தண்ணீர் கொடுக்க, கால் வைப்பைக் கவனித்துச் சொல்ல. ஒரு சனிக்கிழமை பிரோஷ்கா சுட்ட பாலாடைக்கட்டி பொகாச்சா ரொட்டியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நீ வா," என்றான்.

"பாலின்டைக் கூட்டிட்டுப் போ."

"அவருக்கு என் ஆட்டம் பிடிக்கும். அவரு ஒன்னும் சொல்ல மாட்டாரு. உனக்குத்தான் என் ஆட்டம் பாக்க சகிக்காது. எங்க தப்புன்னு உனக்குத்தான் உடனே தெரியும்."

இல்டிகோ கையில் ஒரு பொகாச்சாவோடு நின்றுகொண்டு அவன் சொன்னதற்குச் சிரித்தாள். நான் சரி என்றேன். போகாவிட்டால் ஊரில் காரணம் கேட்பார்கள்.

குரொவேஷியாவில் ஒரு கடலோர ஊர். நாட்டுச் சட்டையில் அவன் வயிறு முன்னால் பிதுங்கியது. முதுகில் எழுதியிருந்த பொக்னார் என்ற பெயரைப் பார்த்துக்கொண்டே நாலு நாள் அவன் பின்னால் நின்றேன். நீள ஆட்டத்தில் அறுநூற்று நாற்பத்தொன்று எடுத்தான். அவன் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். கூட்டுப் போட்டிப் பட்டியலில் நாலாவது இடம். மூன்றாவது இடத்தில் ஒரு ஸ்லோவாக்கியன். செம்பட்டைத் தாடி, கூச்ச சுபாவம். அவனுக்கும் இவனுக்கும் நடுவில் மூன்றே கட்டை. குட்டை ஆட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாதை.

முதல் பத்தில் வெண்டெல் அவனைத் தாண்டி ஐந்து கட்டை முன்னால் போய்விட்டான். பதக்கம் கையெட்டும் தூரத்தில். அவன் பாதை இடப்பக்கம் இழுப்பதை அவனும் கண்டுபிடித்திருந்தான், நானும் பின்னாலிருந்து பார்த்திருந்தேன். பாதை மாறும் இடத்தில் அந்தத் தாடிக்காரனும் இவனும் எதிரெதிரே வந்தார்கள். அந்த ஆள் இவனை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தான். வெண்டெல் கையைத் தூக்கினான். உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்தான். மூன்று விரலைக் காட்டினான். வலப்பக்கம் தள்ளி வை என்று நகர்த்திக் காட்டினான்.

எனக்கு உயிரே போய்விட்டது. கத்தினால் நடுவர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். தண்ணீர் பாட்டிலை நசுக்கிக்கொண்டு நின்றேன். தாடிக்காரன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். முதல் பந்தையே மூன்று விரற்கடை வலப்பக்கம் தள்ளி வைத்தான். ஒன்பது கட்டையும் விழுந்தது. அவன் பதிலுக்கு எதையும் சொல்லவில்லை. வெண்டெல் தன் பாதையைத் தானே தேடிப் பிடிக்க மூன்று எறி ஆனது. கடைசியில் இரண்டு கட்டை வித்தியாசத்தில் பதக்கம் தாடிக்காரனிடம் போனது. வெண்டெலுக்கு நாலாவது இடம்.

திரும்பி வரும் பேருந்தில் ஹங்கேரி எல்லை வரைக்கும் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அவன் யாருடா? உன் மச்சானா? மாமனா? ஏன்டா அவனுக்குச் சொன்ன?"

"கேட்டான்," என்றான் வெண்டெல்.

"எங்கடா கேட்டான்? வாயையே தொறக்கல அவன்!"

"பாத்தான்ல. நம்ம கூடத்துல பாதை மாறுறவன் பாப்பானே, அப்படிப் பாத்தான். கை தானாப் போயிடுச்சு."

"வெளியாளுக்குச் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? ரெண்டு கட்டைடா! ரெண்டு விரல்ல எண்ணுற தூரத்துல பதக்கம்!"

"ம். பிரோஷ்கா திட்டத்தான் போறா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சோளக்காடு போய்க்கொண்டே இருந்தது. பிறகு, "ஆனா நம்பினான்டா," என்றான். "முன்னப் பின்னத் தெரியாத ஆளு. என் பாஷைகூடத் தெரியாது. முதல் பந்தையே அங்க வச்சான் பாரு."

நான் காலடியில் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நீ அன்னிக்கு எட்டைப் பத்திச் சொன்னியே, அது முதல் பந்துலயே தெரிஞ்சிடுச்சு," என்றான். குரலை உயர்த்தவில்லை. "அதை விடு. உனக்கு அவ்வளவு ஆசை, எனக்கு அது புரியுது. ஆனா நான் சொன்னதை ஏன்டா நம்பல? பன்னெண்டு வருஷத்துல உனக்கு ஒரு தடவையாவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. "தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் தன் கோட்டை எடுத்து என் முழங்காலில் போட்டான்.

ஊரில் அவனுக்குப் பெரிய வரவேற்பு. பாலின்ட் வீட்டுப் பிளம் சாராயம் ஓடியது. தாடிக்காரனுக்குச் சைகை காட்டிய கதையை வெண்டெல் தானே எல்லோருக்கும் நடித்துக் காட்டினான். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எட்டாவது பாதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிரோஷ்காவிடம்கூடச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் எனக்குப் பொகாச்சா வந்திருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பயிற்சி. இரண்டாவது பாதையில் நான் ஆடி முடித்தேன். அவன் எதிரே வந்தான். பேருந்தில் கேட்க முடியாத மன்னிப்பை இங்கே கேட்டுவிடலாம் என்று இருந்தது. நானும் அவனைப் போலவே அளந்து சொன்னேன்.

"ரெண்டு வலது இழுக்குது. மூணு விரக்கடை இடது தள்ளி வை."

"சரிடா," என்று சிரித்தான்.

போய்ப் பந்தை நடுவில் வைத்தான். அது வலப்பக்கம் ஓடியது. நாலு கட்டை. பிறகு மூன்று விரற்கடை இடது தள்ளி வைத்தான். எட்டு.

வேண்டுமென்று செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் சொல்வதை அவன் இப்போதும் கேட்கிறான், தலையை ஆட்டுகிறான், நன்றிகூடச் சொல்கிறான். முதல் பந்து மட்டும் நடுவில் போகிறது. அவன் கைக்கே அது தெரியுமோ தெரியாதோ. ஐந்து வருஷமாக ஒரு வரிகூட நான் தப்பாகச் சொன்னதில்லை. ஐந்து வருஷமாக முதல் பந்து நடுவில்தான். மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. என் பிறந்தநாளுக்கு வருகிறான். சோடா கலந்த ஒயினை என் கோப்பையில் அவன்தான் ஊற்றுகிறான். என் கொதிகலன் நின்றுபோனால் நாலே முக்காலுக்கே வந்து கதவைத் தட்டுகிறான்.

போன மாதம் சிலார்ட் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். தபால்காரர், நாற்பத்தைந்து வயது, தொப்பை. பந்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே இன்னும் தெரியவில்லை. பாதி எறிகள் கட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவருக்குப் போகின்றன. நேற்று அவர் நாலாவது பாதையிலிருந்து வந்தார், வெண்டெல் ஏறப் போனான்.

"இடது இழுக்குற மாதிரிதான் இருக்கு. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல," என்றார் சிலார்ட்.

நாலாவது பாதை நேற்று நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அதில் நான் அரை மணி நேரம் ஆடியிருந்தேன். வெண்டெல் போய் முதல் பந்தையே வலது ஓரத்தில் வைத்தான். பந்து ஓரத்தோடு போய் ஒரே ஒரு கட்டையைத் தொட்டது.

"ஐயோ, தப்பாச் சொல்லிட்டேனா?" என்று சிலார்ட் பதறினார்.

"அட, அதனால என்ன? பழகப் பழக வந்துடும்," என்று வெண்டெல் சிரித்தான். அடுத்து இருவரும் பாதை மாறியபோது மறுபடியும் அவரைப் பார்த்து நின்றான். அவர் தயங்கித் தயங்கி எதையோ சொன்னார். அதையும் நம்பி அப்படியே வைத்தான்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெண்டெல் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபோதுகூட என் வயிறு இப்படி எரியவில்லை.